முற்றுப்புள்ளிக்குப் பின் நானூறு மில்லி செகண்ட்

தராசுக்காரர் வாழ்நாளில் யாரையும் ‘போடா’ என்று சொன்னவரில்லை. அப்படிப்பட்டவர், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாட்டு இடைவேளை முடியப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது, ஒரே ஒரு மடல் எழுதி ஒரு நல்ல உறுப்பினரைக் குழுவைவிட்டே ஓட்டிவிட்டார். அந்த மடலில் சுடுசொல் ஒன்றுகூடக் கிடையாது. பிற்பாடு பலர் தேடிப் பார்த்தார்கள். அவரும் தேடிப் பார்த்தார். இல்லை.

அவருக்கு உத்தியோகம் எடையளவு அலுவலகத்தில். கடைகடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை போடும் வேலை. உள்ளே நீல வெல்வெட் ஒட்டிய மரப்பெட்டி ஒன்று அவரோடு எப்போதும் போகும். பித்தளை எடைக்கற்கள் பெரியதிலிருந்து சிறியதுவரை அதில் தத்தம் குழியில் உட்கார்ந்திருக்கும். கற்களை வெறுங்கையால் தொடமாட்டார், இடுக்கியால்தான் எடுப்பார். தட்டின் நடுவில் ஒருமுறை, மூலைக்கொரு முறை என்று ஐந்துமுறை வைத்துப் பார்ப்பார். “சார் வீட்ல உப்பைக்கூட இடுக்கியாலதான் எடுப்பாரு” என்று ஒரு கடைக்காரர் அவர் காதுபடவே சொன்னதுண்டு. தராசுக்காரர் அதற்குச் சிரித்தார், ஆனால் அந்தக் கடைத் தராசை ஆறாவது முறையும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

அலுவலகத்தில் யாருக்கும் அவருடைய இன்னொரு வேலை தெரியாது. அது சம்பளமில்லாத வேலை.

அவருடைய அண்ணன் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர். ஐம்பத்தெட்டு வயதில் சர்க்கரை நோய் அவர் கண்ணை வாங்கிக்கொண்டது. வாழ்நாளெல்லாம் எழுத்தோடு கிடந்த மனிதர், செய்தித்தாளை மடியில் வைத்துக்கொண்டு விரலால் தடவிக்கொண்டிருப்பார். கணினித் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துக் காட்டும் மென்பொருள்கள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டுத் தராசுக்காரர் தேடினார். நம் மொழியைப் படிப்பவை அப்போது பல்லிடுக்கில் கல் சிக்கியவை மாதிரிதான் படித்தன. தேடிய இடத்தில் ஒரு சிறு குழு அகப்பட்டது. எட்டுப் பேர். வேறுவேறு ஊர்க்காரர்கள், ஒருவரையொருவர் நேரில் பார்த்திராதவர்கள். சேர்ந்து ஒரு வாசிப்பு மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தார்கள். அதன் நிரலை, அதாவது கணினிக்கான கட்டளை வரிகளை, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதை எல்லோருக்கும் போகும் குழு மடலில் அனுப்பலாம். மற்றவர்கள் பார்த்து ஒப்புக்கொண்டால் அது எல்லோருக்குமாகச் சேர்ந்துவிடும். விலை கிடையாது, முதலாளி கிடையாது. தராசுக்காரர் நாற்பத்திரண்டு வயதில் புத்தகம் வாங்கி நிரல் எழுதக் கற்றுக்கொண்டு அதில் சேர்ந்தார்.

சேர்ந்தபோது குழுவுக்கு ஒரு குரல் தேவைப்பட்டது. வாக்கியங்களை ஒருவர் படித்துப் பதிவு செய்ய வேண்டும். அதைத் துண்டுதுண்டாக வெட்டி, வேண்டிய சொல்லுக்கு வேண்டிய துண்டை ஒட்டிப் பேசவைப்பார்கள். ஏற்ற இறக்கம் இருந்தால் ஒட்டு தெரிந்துவிடும். ஆகையால் கோபம், சிரிப்பு, வருத்தம் எதுவும் இல்லாமல் ஒரே மாதிரி படிக்கத் தெரிந்தவர் வேண்டும். மனைவியிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். “அதுக்கு உங்களைவிட ஆள் யாரு கிடைப்பா?” என்றார். அந்த அம்மாள் ஒரு மருந்துக்கடையில் கவுண்டரில் நிற்பவர். நாள் முழுக்க வெடுக் வெடுக்கென்று பதில் சொல்லிப் பழகிய வாய்.

வீட்டில் சத்தம் புகாத இடம் துணி அலமாரி ஒன்றுதான். தொங்கும் புடவைகளுக்கும் சட்டைகளுக்கும் நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்து, விடுமுறை நாள் காலைகளில், பத்தொன்பது நாளில் இரண்டாயிரத்து அறுநூறு வாக்கியங்களைப் படித்து முடித்தார். அந்தக் குரல்தான் இன்றுவரை அந்த மென்பொருளின் குரல்.

குரல் தயாரானதும் முதலில் கேட்டவர் அண்ணன். வாக்கியம் முடிந்து அடுத்தது தொடங்க எத்தனை நேரம் விட வேண்டும் என்று அவரை எதிரில் உட்காரவைத்தே தராசுக்காரர் நிர்ணயித்தார். இருநூறு மில்லி செகண்டில் அண்ணன் முகம் சுளித்தார். முந்நூறில், “துரத்துறான்டா” என்றார். நானூறு வைத்தபோது சாய்ந்து உட்கார்ந்து, “இப்பத்தான் மூச்சு விட முடியுது” என்றார். அந்த நானூறு அப்படியே நிலைத்தது. அண்ணன் அதற்குப் பின் மூன்று வருடம் தம்பியின் குரலில் செய்தித்தாள் கேட்டார். பிறகு போய்விட்டார். நானூறு மட்டும் நிரலில் நூற்றுப் பன்னிரண்டாவது வரியில் இருந்தது.

குழு வளர்ந்து முப்பது பேரானது. ஆள் கூடினால் வாயும் கூடும். ஒருமுறை இரண்டு மாணவர்கள் ஒரு சின்ன மாற்றத்துக்காக ஒருவர் வீட்டாரை இன்னொருவர் இழுத்துப் பேசி மடல் நாறிப்போயிற்று. அப்போது தராசுக்காரர் முன்வந்து ஏழு விதிகள் எழுதினார். இரண்டாவது விதி: மறுக்கும் முன், எதிரில் இருப்பவர் சொன்னதை உன் சொல்லில் திருப்பிச் சொல், அவர் ‘ஆமாம், அதுதான்’ என்று ஒப்புக்கொண்ட பிறகே உன் மறுப்பை எழுது. நான்காவது விதி: ஆளைப் பேசாதே, நிரலைப் பேசு, சொந்தக் கதை வேண்டாம். குழுவின் நடுவராக இருந்தவர் ஒரு பள்ளிக்கூடத்தின் கணக்கு வாத்தியார். அவர் அந்த ஏழையும் முகப்பில் ஒட்டினார். ஆறு வருடம் ஒரு சண்டை இல்லை. வேறு குழுக்கள் அந்த விதிகளைக் கேட்டு வாங்கிப் போயின. தராசுக்காரருக்கு அதில் உள்ளூரப் பெருமை.

இன்னொன்றும் வைத்திருந்தார். அதை யாரும் கேட்கவில்லை. ஒரு தடித்த நோட்டு. குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். அவர் செய்த மாற்றம், தேதி, அதனால் மென்பொருளில் ஏதாவது வேலை செய்யாமல் உடைந்ததா, உடைந்தது சரியாக எத்தனை நாள் ஆயிற்று என்று நான்கு கட்டம். யார் மேலும் குற்றம் சொல்வதற்காக அல்ல. ஒரு பிழை வந்தால் அது எங்கிருந்து வந்தது என்று பார்க்க வசதி, அவ்வளவுதான். அவரே அப்படித்தான் நம்பினார்.

நான்கு வருடத்துக்கு முன் குழுவில் ஒரு பெண் சேர்ந்தார். ஒரு பெரிய மருத்துவமனையின் தொலைபேசி அறையில் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். குழுவிலும் அவருக்கு ஆபரேட்டர் என்றே பெயர் நின்றுவிட்டது. மென்பொருளை எழுதியவர்களில் அதைக் கேட்டு வாழ்கிறவர் அவர் ஒருவர்தான். வார்டு எண்கள், டாக்டர்களின் பணி நேரம், நோயாளிப் பட்டியல் எல்லாவற்றையும் தராசுக்காரரின் குரல் அவர் காதில் ஓதும். அவர் வாய் வெளியாட்களுக்குப் பதில் சொல்லும். பத்து நாளில் தராசுக்காரரை ‘அண்ணா’ ஆக்கிவிட்டார். தராசுக்காரரும் மடலில் ‘தங்கச்சி’ என்று எழுதத் தொடங்கினார். அவருடைய மடல்களில் அந்த மாதிரிச் சொல் அபூர்வம். ஒருமுறை ஆபரேட்டர் எழுதினார்: “உங்க கூட சண்டை போட்டா எனக்கு ஒரு லாபம் அண்ணா. நீங்க என்னைத் திட்டி எழுதினா, அதை நீங்களேதான் எனக்குப் படிச்சும் காட்டணும்.” குழுவே சிரித்தது.

நான்கு வருடத்தில் ஆபரேட்டர் இருநூற்றுப் பன்னிரண்டு மாற்றங்கள் செய்தார். இருநூற்றுப் பதின்மூன்றாவதாக அனுப்பியதுதான் வினையாயிற்று. வாக்கியத்துக்கு வாக்கியம் இருக்கும் நானூறு மில்லி செகண்டை நூற்றிருபது ஆக்க வேண்டும் என்றார். வேண்டியவர்கள் கூட்டிக்கொள்ளலாம், ஆனால் மென்பொருளைத் திறந்ததும் நூற்றிருபதுதான் இருக்க வேண்டும். நாள் முழுக்க கேட்கிறவர்கள் வேகமாகக் கேட்கிறவர்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நின்று நின்று போவது, நடக்கத் தெரிந்தவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போவது மாதிரி இருக்கிறது என்றார். அவர் அறையில் மட்டும் மூன்று பேர் இதற்குக் காத்திருந்தார்கள்.

தராசுக்காரருக்குச் சுருக்கென்றது. புதிதாகப் பார்வை இழந்தவர்கள், வயதானவர்கள் திணறுவார்கள் என்று மறுத்து எழுதினார். அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. மறுபாதி, எதிரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு விட்ட அண்ணன். அதை எழுத நான்காவது விதி இடம் கொடுக்கவில்லை. விதியை எழுதியவரே அதை மீறுவதா? எழுதவில்லை.

மூன்று வாரம் நடந்தது. எழுபத்தொரு மடல்கள். விதிப்படி அவர் மூன்றுமுறை ஆபரேட்டரின் வாதத்தைத் திருப்பிச் சொன்னார். மூன்றுமுறையும் ஆபரேட்டர் ‘ஆமாம், அதுதான்’ என்றார். மூன்றாவதற்கு மட்டும் கூடவே ஒரு வரி சேர்த்தார்: “சொல்லிட்டீங்க. காதுல விழுந்துதான்னு தெரியல.” அதிலிருந்து ‘தங்கச்சி’ நின்றுபோய் ‘மதிப்பிற்குரிய உறுப்பினருக்கு’ வந்தது. அந்தப் பக்கம் ‘அண்ணா’ போய் ‘ஐயா’ வந்தது. மரியாதை கூடக்கூட மடல்கள் சில்லிட்டுப்போயின. கணக்கு வாத்தியார், எவ்வளவு நாகரிகமாகப் பேசிக்கொள்கிறார்கள் பாருங்கள் என்று புதியவர்களுக்கு அதை உதாரணம் காட்டினார்.

எழுபதாவது மடலில் ஆபரேட்டர் எழுதினார்: “இதை நான் தினம் எட்டு மணி நேரம் கேட்கிறேன். கேட்காதவர் முடிவு செய்ய வேண்டாம்.”

தராசுக்காரர் அதை அலுவலகத்தில், டப்பாவைத் திறந்து பாதி சாப்பிட்ட கையோடு பார்த்தார். ஆளைப் பேசாதே என்பது விதி. இது ஆளைப் பேசுவது. அவருக்கு முகம் சூடேறியது. ஆனாலும் திருப்பி ஆளைப் பேச அவர் என்ன மாணவரா? கை கழுவிவிட்டு வந்தார். பையிலிருந்து நோட்டை எடுத்தார். ஆபரேட்டரின் பக்கத்தைத் திறந்தார். எட்டு மணி நேரம் கேட்பதால் முடிவு சரியாக இருந்துவிடாது என்பதற்கு அங்கே ஆதாரம் இருந்தது. தட்டச்சு செய்தார். இன்ன தேதி, இன்ன மாற்றம், இன்னது உடைந்தது, இத்தனை நாளில் சரியாயிற்று. இருநூற்றுப் பன்னிரண்டில் முப்பத்தொன்று. விமர்சனம் ஒரு வார்த்தை இல்லை. மேலே ‘உறுப்பினர்களின் தகவலுக்காக’ என்று மட்டும் போட்டார். அனுப்பினார். பிறகு மரப்பெட்டியை எடுத்துக்கொண்டு, மதியத்துக்குக் குறித்திருந்த இரும்புக் கடைக்குப் போனார். அங்கே தராசு ஐந்து கிராம் கூடக் காட்டியது. அவ்வளவு பெரிய தராசுக்கு அது அனுமதிக்கப்பட்ட பிழை. முத்திரை போட்டுக் கொடுத்தார்.

கணக்கு வாத்தியார் மாலையில் எழுதினார்: விதி எதுவும் மீறப்படவில்லை. வேறு யாரும் வாய் திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஆபரேட்டரிடமிருந்து ஒற்றை வரி வந்தது. “என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.”

அதற்குத் தராசுக்காரர் செய்ததை இப்போது நினைத்தாலும் அவருக்கே உடம்பு கூசுகிறது. ஒரு மனிதர் கதவைச் சாத்திக்கொண்டு போகிறார் என்பது அவர் மண்டையில் ஏறவில்லை. குழு மடல் பட்டியலா, பங்களித்தோர் பட்டியலா, இரண்டுமா என்று தெளிவுபடுத்தக் கோரி எழுதினார். பதில் வரவில்லை. இரண்டிலிருந்தும் எடுக்காமல் விட்டார்.

அடுத்த வாரம் ஏதோ ஒரு பிழையைத் தேடிப் போனபோது, பழைய நிரலில் ஒரு மாற்றம் கண்ணில் பட்டது. அவர் பட்டியலில் பதினேழாவது. அதை உடைத்தவர் ஆபரேட்டர் அல்ல. தராசுக்காரரே. தாம் உடைத்ததை மறுநாள் ஆபரேட்டர் வந்து சரிசெய்திருக்கிறார். சரிசெய்தவர் பெயரை உடைத்தவர் கட்டத்தில் இவர் எழுதிவிட்டார். நோட்டில் தப்பு. அவர் நோட்டில். அரைமணி நேரம் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.

உடனே திருத்த வேண்டும் என்று தோன்றியது. தோன்றியதில் தப்பில்லை. செய்தவிதத்தைச் சொல்ல வேண்டும். பட்டியல் முழுவதையும் மறுபடி போட்டு, பதினேழாவதை மட்டும் அடித்து, கீழே எழுதினார்: “திருத்தம். முப்பத்தொன்று என்பதை முப்பது என்று திருத்தி வாசிக்கவும். தவறுக்கு வருந்துகிறேன்.” அதுதான் அவருடைய மன்னிப்பு மடல் என்று அவர் நினைத்தார். மீதி முப்பதும் ஊர்ஜிதம் என்று அடித்துச் சொன்னமாதிரி அது ஆயிற்று. பெயர் எடுக்கப்படாததால் அதுவும் தவறாமல் ஆபரேட்டருக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்றைக்கு மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். ஆறுதல் எதிர்பார்த்துத்தான் சொன்னார். அந்த அம்மாள் கடையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நின்றுகொண்டே முழுவதையும் கேட்டார்.

“அந்த நோட்டுல உங்களுக்கு ஒரு பக்கம் இருக்கா?”

இல்லை. அவர் தமக்கு ஒரு பக்கம் போடவில்லை. போடக்கூடாது என்று நினைத்ததில்லை, தோன்றவே இல்லை.

“இரும்புக் கடைத் தராசுக்கு அஞ்சு கிராம் விட்டுக் கொடுக்கறீங்க. அந்தப் பொண்ணுக்கு எத்தனை கிராம் விட்டீங்க?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமை அவர் தமக்கு ஒரு பக்கம் போட்டார். பழைய மடல்களை எல்லாம் திறந்து பகல் முழுக்க எழுதினார். அறுநூற்று நாற்பது மாற்றங்கள். உடைந்தவை நூற்றுப் பதினெட்டு. நூற்றுக்குப் பதினெட்டுக்கு மேல். ஆபரேட்டருக்கு நூற்றுக்குப் பதினான்கு. உடைந்த தம்முடையவற்றில் இருபத்தாறை ஆபரேட்டர்தான் சத்தமில்லாமல் சரிசெய்திருந்தார். ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டியதில்லை.

மறுநாள் காலை இன்னொன்று செய்தார். கணினித் திரையை அணைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, தம் மடலை மென்பொருளைப் படிக்கச் சொன்னார். பதினோரு வருடத்தில் அவர் அதைக் கேட்டுச் சோதித்திருக்கிறாரே தவிர, தமக்கு வந்ததாக எதையும் கேட்டதில்லை. அவருடைய குரல் படித்தது. ‘மார்ச் ஒன்பது. எண்களை வாசிக்கும் பகுதி. உடைந்தது. நான்கு நாள்.’ ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் நின்றது. நின்ற இடத்தில் எல்லாம் அந்தச் சொல் காதுக்குள் இன்னொருமுறை விழுந்தது. ‘உடைந்தது.’ நானூறு மில்லி செகண்ட். ‘நான்கு நாள்.’ நானூறு மில்லி செகண்ட். முடிய நான்கு நிமிடம் இருபது விநாடி ஆயிற்று. கோபமில்லாத குரல். அதைவிடக் கோபம் தேவலை.

திங்கட்கிழமை மதியம் அலுவலகத்தின் பின்பக்கம், பழைய தராசுகள் குவித்திருக்கும் கொட்டகையில் நின்றுகொண்டு மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்தார். கையில் ஒரு தாள். சொல்ல வேண்டியதை நாலு முறை அடித்துத் திருத்தி எழுதி வைத்திருந்தார். நான்கு வருடப் பழக்கத்தில் அவர்கள் ஒருமுறைகூடப் பேசிக்கொண்டதில்லை.

“வணக்கம், மருத்துவமனை. யாருக்கு இணைக்கணும்?”

“நான்…” என்றார்.

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

“தெரியுது,” என்றார் ஆபரேட்டர். “தினம் கேக்கற குரல், தெரியாதா.”

தராசுக்காரர் தாளைப் படிக்கத் தொடங்கினார். தாம் வெளியிட்ட பட்டியலால் ஏற்பட்ட மனவருத்தத்துக்குத் தாம் முழுப்பொறுப்பு என்பதையும், என்று இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் ஆபரேட்டர் இடைமறித்தார்.

“போதும். இது படிக்கிற குரல். அன்னைக்கும் இதே குரல்தான் படிச்சுது.”

பிறகு அவர் சொன்னதைத் தராசுக்காரர் தாளை மடித்துக்கொண்டே கேட்டார். பட்டியல் வந்த அன்று, நானூறா நூற்றிருபதா என்ற முடிவு வந்துவிட்டது என்று நினைத்து, அறையில் மூன்று பேரும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டிருக்கிறார்கள். பொறுப்பாளர் அம்மாளும் அந்நேரம் உள்ளே வந்திருக்கிறார். முதல் நாலு வரியில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தும் விசைக்கு விரல் போகவில்லை. எல்லோரும் கடைசிவரை கேட்டார்கள்.

“ஒவ்வொரு முற்றுப்புள்ளிக்கும் அந்த நானூறு இருந்துது. நல்லா நிறுத்தி நிறுத்திச் சொன்னீங்க.”

எழுதி வைத்ததில் இதற்குப் பதில் இல்லை. கொட்டகையில் துருப்பிடித்த தட்டு ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, அடித்தல் திருத்தல் இல்லாமல், வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கதையைச் சொன்னார்.

“அந்த நானூறு… எங்க அண்ணனுக்கு வெச்சதும்மா. அவருக்குக் கண்ணு போனப்ப. அதுல வெச்சாத்தான் மூச்சு விட முடியுதுன்னாரு. இப்ப அவர் இல்ல.”

அந்தப் பக்கம் வேறு யாரோ பேசும் சத்தம் தூரத்தில் கேட்டது.

“அதை அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணா,” என்றார் ஆபரேட்டர். ‘ஐயா’ போய் ‘அண்ணா’ வந்ததை அவரே கவனித்திருக்கமாட்டார். “நூத்திருபது வேணும்னு கேட்டிருக்கமாட்டேன்னு இல்ல. கேட்டிருப்பேன். வேற மாதிரி கேட்டிருப்பேன்.”

“நாலாவது விதி…”

“நீங்க எழுதினதுதானே.”

தராசுக்காரர் தாளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். திரும்பி வாங்கம்மா என்றார். சொன்னாரா, கேட்டாரா, கெஞ்சினாரா என்று அவருக்குத் தெரியவில்லை. பேசும் குரல் அவருக்குப் பழக்கமில்லை.

“மூணு லைன் காத்திருக்கு அண்ணா,” என்றார் ஆபரேட்டர். அதில் கோபம் இல்லை. உண்மையிலேயே மூன்று பேர் காத்திருந்திருக்கலாம். பிறகு நாள் முழுக்கச் சொல்லிப் பழகிய வாய் தானாகவே கேட்டது: “வேற யாருக்காவது இணைக்கணுமா?”

“இல்ல.”

தொடர்பு அறுந்தது.

அன்று மாலையே நூற்றுப் பன்னிரண்டாவது வரியில் நானூறை எடுத்துவிட்டு நூற்றிருபதைப் போட்டார். ஆபரேட்டரின் பெயரை மடல் பட்டியலிலிருந்து எடுத்தார். பங்களித்தோர் பட்டியலில் இருந்ததை விட்டுவிட்டார். அதைக் கேட்டு இன்னொரு மடல் எழுதும் துணிவு அவருக்கு இல்லை. குழுவுக்கு, பட்டியல் போட்டது தம் தவறு என்றும், தம்முடைய கணக்கு நூற்றுப் பதினெட்டு என்றும் எழுதினார். கணக்கு வாத்தியார் தொலைபேசியில் அழைத்து, “விதி மீறலன்னு நான் எழுதினேன் பாருங்க, அதான் எனக்கு உறுத்துது. அன்னைக்கே வாயைத் திறந்திருக்கணும்” என்றார். நான்காவது விதியில் ‘சொந்தக் கதை வேண்டாம்’ என்ற பின்பாதியை எடுத்துவிடலாமா என்று வாத்தியார் கேட்டார். எடுத்துவிட்டார்கள். அதனால் யாரும் திரும்பி வரவில்லை.

ஆபரேட்டர் விட்டுப்போன வேலைகள் அப்படியே கிடந்தன. எண்களை வாசிக்கும் பகுதியை வேறு யாரும் அவரைப்போலத் தொடவில்லை. எங்காவது உடைந்தால் சத்தமில்லாமல் சரிசெய்து வைக்கிற ஆள் இல்லாதது, உடைந்தபோதெல்லாம் தெரிந்தது.

ஏழு மாதம் கழித்து, குழு மடலுக்கு அந்த மருத்துவமனை முகவரியிலிருந்து ஒரு பிழைக் குறிப்பு வந்தது. அனுப்பியவர் பெயர் இருக்கும் இடத்தில் ‘தொலைபேசி அறை’ என்று மட்டும் இருந்தது.

“முற்றுப்புள்ளிக்குப் பின் 120 சரியாக இருக்கிறது. கேள்விக்குறிக்குப் பின் இன்னும் 400 நிற்கிறது. பார்க்கவும்.”

தராசுக்காரர் அதை மூன்றுமுறை படித்தார். நிரலைத் திறந்து பார்த்தார். ஆமாம், கேள்விக்குறிக்கு வேறொரு வரி இருந்தது, அதை அவர் மறந்துவிட்டார். ஒரு மணி நேரத்தில் சரிசெய்தார். பதில் பெட்டியைத் திறந்து, விரலை விசைகளின்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அனுப்பியது யார்? அவரா, பக்கத்து இருக்கையில் இருப்பவரா, அந்தப் பொறுப்பாளர் அம்மாளா? ஒரு வரி கேட்டால் தெரிந்துவிடும்.

“சரிசெய்தேன். மறந்தது என் தப்பு. சொன்னதற்கு நன்றி” என்று எழுதி அனுப்பினார்.

நோட்டை எடுத்தார். தம் பக்கத்தைத் திறந்து நூற்றுப் பத்தொன்பதாவதாக அதை எழுதினார். தேதி, என்ன உடைந்தது, எத்தனை நேரத்தில் சரியாயிற்று. அந்தப் பக்கத்தில் மட்டும் ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டிருந்தார், சுட்டிக்காட்டியவர் யார் என்று. அதை அவர் நிரப்பவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, அலுவலகத்துக்கு நேரமாகிறது என்று மரப்பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.